நோய்க்கேற்ற உடற்பயிற்சி, தடுப்பு உடற்பயிற்சி: முதுநிலைப் படிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

சுகர், பிபி, இதய நோய், மூட்டுத் தேய்மானம், பக்கவாதம், புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு விடாமல் ஒட்டிக்கொள்ளும் சோர்வு, முதுமைத் தளர்ச்சி, உடல் அல்லது அறிவுத்திறன் சார்ந்த குறைபாடு என்று ஏதோ ஒன்றோடு வாழ்பவர் உங்கள் முன் வந்து உட்காருகிறார். அவருக்கு எந்தப் பயிற்சி, எவ்வளவு, எந்த வேகத்தில், எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கக் கற்றுத் தருவது இந்தப் படிப்பின் ஒரு பாதி. இன்னும் நோய் வராதவர்களுக்கு, அல்லது வாசல் வரை வந்துவிட்டவர்களுக்கு, அதைத் தள்ளிப்போட வழி செய்வது மறுபாதி.

பயிற்சிகளின் பட்டியலைத் தெரிந்துகொள்ள மட்டும் முதுநிலைப் படிப்பு தேவையில்லை. அது இளநிலையிலேயே கிடைத்துவிடும். இங்கே கற்பது முடிவெடுக்கும் திறன்தான். அது ஆட்களோடு பழகித்தான் வரும். அதனால் கீழே பல பதில்களில் களப்பயிற்சியையே திரும்பத் திரும்ப இழுப்பேன்.

பிசியோதெரபிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பொதுவாகச் சொன்னால், அடிபட்ட, அறுவை சிகிச்சை முடிந்த அல்லது தீவிரமான கட்டத்தில் இருக்கும் உடலை மதிப்பிட்டுச் சிகிச்சை தருவது பிசியோதெரபிஸ்ட்டின் வேலை. அந்தக் கட்டம் கடந்து உடல்நிலை நிலைப்பட்ட பிறகு, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அவரை இயங்க வைப்பது இந்தத் துறையினரின் வேலை. நோயைக் கண்டறிவதும் கையால் செய்யும் சிகிச்சையும் இவர்கள் எல்லைக்குள் வராது.

நடைமுறையில் கோடு இவ்வளவு நேராக இருக்காது. பக்கவாதம் வந்தவர் மருத்துவமனையை விட்டு வீட்டுக்குப் போகும் நாளிலேயே பல நேரம் பிசியோதெரபி முடிந்துவிடுகிறது, அதற்கப்புறம் ஆள் இல்லை. இந்த இடைவெளியில்தான் பலர் மறுபடி நாற்காலியோடு ஒட்டிப்போகிறார்கள். இந்தத் தொழில் வளர்ந்ததற்குப் பெரிய காரணம் அந்த இடைவெளிதான். அதே சமயம், எது நம் வேலை இல்லை என்று தெரிந்து உரியவரிடம் திருப்பி அனுப்பத் தெரியாதவர் இங்கே ஆபத்தானவர்.

யார் சேரலாம்?

விளையாட்டு அறிவியல், உடற்கல்வி, உடலியக்கவியல் (உடல் அசைவைப் பற்றிய படிப்பு) இளநிலைப் பட்டதாரிகளுக்கு வாசல் நேராகத் திறந்திருக்கும். பிசியோதெரபி, செவிலியம், மருத்துவம் படித்தவர்களையும் பல இடங்களில் சேர்க்கிறார்கள். வேறு துறையிலிருந்து வருபவர்களிடம் உடற்கூறியல், உடலியங்கியல் (உறுப்புகள் வேலை செய்யும் விதம்), உயிர்விசையியல் (அசைவில் உடல்மீது செயல்படும் விசைகள்) பாடங்களை முதலில் முடித்து வரச் சொல்வார்கள். அந்த நிபந்தனையே இல்லாமல் யாரையும் சேர்த்துக்கொள்ளும் படிப்பு என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

நான் நல்ல விளையாட்டு வீரராக இருக்க வேண்டுமா?

வேண்டாம். எல்லாமே எளிதாக வந்துவிட்ட உடம்புக்காரர்களுக்கு, படி ஏறவே பயப்படுபவரின் பயம் புரியச் சில நேரம் கூடுதல் காலம் ஆகும்.

எத்தனை வருடம்?

பெரும்பாலும் 2 வருடம். ஐரோப்பியக் கணக்கில் 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, சொந்தப் படிப்பு, களப்பயிற்சி, ஆய்வேடு எல்லாம் அதில் அடக்கம். ஒரு வருடப் படிப்புகளும் உண்டு. ஏற்கெனவே மருத்துவமனை அனுபவம் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். புதிதாக வருபவருக்கு ஒரு வருடத்தில் பாடம் முடிந்துவிடும், ஆனால் கை பழகாது.

பாடங்கள் கடினமா?

நோய்க்கூறியல், மருந்தியல் அடிப்படைகள், உடற்பயிற்சி உடலியங்கியல், உயிர்விசையியல், உளவியல், நோய்ப்பரவலியல் (மக்களில் யாருக்கு, ஏன் நோய் வருகிறது என்று பார்ப்பது), புள்ளியியல் ஆகியவை எங்கும் இருக்கும். பலர் புள்ளியியலுக்குப் பயப்படுவார்கள். உண்மையில் தடுக்கிவிடுவது மருந்தியல்.

ஓர் உதாரணம். பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயத் துடிப்பு ஏறுவதைக் கட்டுப்படுத்தும். இதைச் சாப்பிடுபவருக்கு 'வயதுக்கேற்ற துடிப்பு' அட்டவணையைக் காட்டிப் பயிற்சி கொடுத்தால், அந்தத் துடிப்பை எட்ட அவர் தாங்க முடியாத அளவுக்கு உழைக்க வேண்டியிருக்கும். சரி, துடிப்பை விட்டுவிட்டுப் போர்க் (Borg) அளவுகோலைப் பயன்படுத்தலாம். உழைப்பு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்று அவரே 6 முதல் 20 வரை ஓர் எண் சொல்வார். 13 என்றால் 'ஓரளவு கடினம்'. அதே ஆள் இன்சுலினும் போடுகிறார் என்று வையுங்கள். சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அதே மாத்திரை மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும், ஆனால் உடற்பயிற்சி செய்பவருக்கு வியர்ப்பதில் என்ன அதிசயம்? எனவே குளுக்கோமீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். இன்சுலின் போடுபவருக்கு ரத்தச் சர்க்கரை 90 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது மாவுச்சத்து எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்து, இரவுத் தூக்கத்தில்கூடச் சர்க்கரை தாழலாம் என்பதை அவரிடமும் வீட்டாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டும்.

இரண்டே மருந்து, அதற்கே இவ்வளவு. நிஜத்தில் வருபவர்களுக்கு முழங்கால் வலியும் பாதத்தில் உணர்வு மரத்துப்போனதும் சேர்ந்தே இருக்கும். நோய்களைத் தனித்தனி அத்தியாயமாகப் படித்துவிட்டு, ஒரே உடம்பில் நாலைந்தைச் சந்திக்கும் இடம்தான் களப்பயிற்சி.

முதல் சந்திப்பில் ஒருவரை எப்படி மதிப்பிடுவார்கள்?

முதலில் பேச்சு. என்ன நோய், என்ன மருந்து, கடைசியாக எப்போது விழுந்தார், நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்ததுண்டா, இப்போது எவ்வளவு இயங்குகிறார், என்ன செய்ய ஆசை. கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் 'பேரனைத் தூக்கணும்' மாதிரி ஏதாவது இருக்கும். திட்டத்தின் இலக்கை அதிலிருந்தே எடுக்கலாம். 'இதயத் திறனை மேம்படுத்துதல்' என்று எழுதி வைப்பதைவிட அது நன்றாக வேலை செய்யும். சந்தேகமான அறிகுறி ஏதாவது தெரிந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை, மருத்துவரிடம் போகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது சோதனைகள். பெரிய இயந்திரங்கள் தேவைப்படாத சோதனைகளே அதிகம் பயன்படும். 30 விநாடி நாற்காலிச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத, சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் மதிப்பெண் பூஜ்யம். அந்தப் பூஜ்யமும் ஒரு தகவல்தான்: பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது என்று அது சொல்லிவிடும்.

ஆறு நிமிட நடைச் சோதனையும் அப்படித்தான், பார்க்க எளிது. 30 மீட்டர் நேரான தாழ்வாரம், இரு முனையிலும் கூம்பு, ஒரு ஸ்டாப்வாட்ச். ஆனால் நடப்பவருக்குப் பக்கத்தில் நீங்கள் நடந்தால் உங்கள் வேகம் அவரைத் தொற்றிக்கொள்ளும், அதனால் கூடவே நடக்கக் கூடாது. இஷ்டத்துக்கு உற்சாகப்படுத்தவும் கூடாது. ஒவ்வொரு நிமிடமும் 'நன்றாகச் செய்கிறீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது' என்பது போல வரையறுத்த வாசகத்தை ஒரே குரலில் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கைதட்டி, மூன்று மாதம் கழித்து மௌனமாக நின்றால் இரண்டு அளவையும் ஒப்பிட முடியாது. இது பாடத்தில் ஒரு பத்தி. சரியாகச் செய்யக் கற்பதற்கு ஒரு செமஸ்டர் பிடிக்கும்.

உடற்பயிற்சியை மருந்து போல எழுதிக் கொடுப்பது என்றால் என்ன?

வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு தீவிரம், எவ்வளவு நேரம், என்ன வகை, எப்படி ஏற்றிக்கொண்டு போவது என்பதை எழுதுவது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், கூடவே 2 நாளாவது தசை வலுப்பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலையையும் வலுவையும் சேர்த்த பயிற்சி வாரம் 3 நாள். நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் குறைபாடு உள்ளவர்களுக்கும் அந்த நிறுவனம் தனிப் பரிந்துரை தந்தது அந்த முறைதான் முதல் தடவை.

'மிதமான' என்பதற்கு எளிய அடையாளம்: பேச முடியும், பாட முடியாது.

ஆனால் 150 என்பது போய்ச் சேர வேண்டிய இடம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவரிடம் முதல் நாளே அந்த எண்ணைச் சொன்னால் மறுவாரம் வர மாட்டார். சாப்பிட்ட பின் 5 நிமிடம் நடப்பதிலிருந்து தொடங்கலாம். இந்தத் தொழிலில் தோல்விகளுக்குக் காரணம் பெரும்பாலும் தவறான பயிற்சி அல்ல, ஆள் நின்றுவிடுவதுதான். உளவியல் பாடத்தை ஓரமாக வைக்கும் மாணவர்கள் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்ய என்ன கற்க வேண்டும்?

நிறைய. இந்தத் துறையின் பழைய வேர் அங்கேதான் இருக்கிறது. 1948இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், தண்டுவடம் பாதித்தவர்களுக்காக லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் நடத்திய வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 16 பேர். அதிலிருந்து வளர்ந்ததுதான் பாராலிம்பிக். ஆளின் நிலைக்கேற்ப மாற்றியமைத்த உடற்செயல்பாட்டுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 1973இல் கனடாவின் கியூபெக்கில் தொடங்கியது.

கற்க வேண்டியதில் முதல் பகுதி பாதுகாப்பு. தண்டுவடத்தில் ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் பட்டவருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும் அபாயம் உண்டு. கடும் தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே மட்டும் வியர்ப்பது அதன் அறிகுறிகள். தூண்டுவது பெரும்பாலும் சின்ன விஷயம்: நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிய கதீட்டர் குழாய், இறுக்கமான பட்டை. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, காரணத்தைத் தேடி நீக்க வேண்டும். அழுத்தம் இறங்கவில்லை என்றால் அவசர மருத்துவ உதவி. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்ந்திருக்கும். அதைச் சரிபார்க்காமல் குட்டிக்கரணமோ தலைகீழ் டைவோ கூடாது. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் உள்ளவருக்கு உடல் சூடானால் பார்வை மங்குவது, கால் தளர்வது போன்றவை தற்காலிகமாகக் கூடும். மின்விசிறி, குளிர்ந்த நீர், இடையிடையே ஓய்வு என்று ஏற்பாடு செய்தால் போதும். பயந்துபோய்ப் பயிற்சியையே நிறுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது பகுதி மாற்றியமைப்பது. இடம், செய்யும் பணி, கருவி, கூட இருக்கும் ஆட்கள் என்று நான்கையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கச் சொல்லித் தருவார்கள். பந்து விளையாட்டில் பார்வையற்ற ஒருவர் சேர வேண்டுமா? பந்துக்குள் மணி வைக்கலாம், எல்லைக்கோட்டின் கீழே கயிறு வைத்து டேப் ஒட்டி விரலுக்குத் தெரியும்படி செய்யலாம், பார்க்கும் மற்றவர்களை அமைதியாக இருக்கச் சொல்லலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான கோல்பால் விளையாட்டு நடப்பதே இப்படித்தான். ஆளை ஓரமாக உட்கார வைத்து ஸ்கோர் எழுதச் சொல்வதற்குப் பெயர் ஒருங்கிணைப்பு இல்லை.

புற்றுநோய் உள்ளவர்கள் ஓய்வெடுக்க வேண்டாமா?

அப்படித்தான் நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்தவர்களிடம் 'அந்தக் கையால் எடை தூக்காதே, வீங்கிவிடும்' என்பார்கள். ஏற்கெனவே கைவீக்கம் இருந்தவர்களை வைத்தே நடத்தி 2009இல் வெளியான ஆய்வு, மேற்பார்வையோடு படிப்படியாக எடை கூட்டினால் வீக்கம் கூடுவதில்லை என்று காட்டியது.

2025இல் இன்னொன்று வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரில் ஒரு பாதிக்கு 3 வருட உடற்பயிற்சித் திட்டம், மறுபாதிக்கு உடல்நலக் கையேடு. 5 வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 80.3 சதவீதம், இரண்டாவதில் 73.9 சதவீதம். முதல் குழுவில் தசை, மூட்டுத் தொந்தரவுகள் கொஞ்சம் அதிகம் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அந்தத் தொந்தரவைக் குறைக்கத்தான் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

'தடுப்பு' என்பதற்கு உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அதைக் கவனமாகப் படிக்கவும் கற்றுத் தருவார்கள். 1953இல் ஜெரி மாரிஸ் என்ற நோய்ப்பரவலியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் லண்டனின் மாடி பஸ்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. துறையின் தொடக்கப்புள்ளி என்று எல்லா வகுப்பிலும் சொல்லும் கதை இது. நல்ல ஆசிரியர் அங்கே நிறுத்த மாட்டார். 1956இல் அதே மாரிஸ் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பளவு ஏற்கெனவே பெரிதாக இருந்தது. அப்படியானால் படிக்கட்டு காப்பாற்றியதா, அல்லது அந்தந்த வேலைக்குப் போன ஆட்களே வேறு மாதிரியா? இந்தச் சந்தேகத்தைக் கேட்கப் பழகுவதுதான் நோய்ப்பரவலியல் வகுப்பு.

இன்னும் உறுதியான ஆதாரம் 2002இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 3,234 பேர் கொண்ட ஆய்வு. வாரம் 150 நிமிட இயக்கமும் எடைக் குறைப்பும் சேர்ந்த குழுவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம். இதை 'உடற்பயிற்சி மட்டுமே 58 சதவீதம்' என்று மேடையில் சொல்பவர்கள் உண்டு. உணவுமுறையும் அதில் சேர்ந்திருந்தது.

ஆன்லைனில் படிக்கலாமா?

புள்ளியியலும் நோய்க்கூறியலும் படிக்கலாம். ஒருவர் தடுமாறும்போது எங்கே நின்று பிடிப்பது என்பதை ஆன்லைனில் படிக்க முடியாது. களப்பயிற்சி நேரில் இருந்தால் யோசிக்கலாம்.

வேலை எங்கே கிடைக்கும்?

நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸில் 2017 மார்ச் முதல், நீண்டகால நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் சீட்டில் உடற்பயிற்சி எழுதலாம். 2022இல் அதை இன்னும் விரித்தார்கள். ஆனால் செலவைப் பொதுக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை, அங்கே இன்றும் பெரிய குறை அதுதான். இத்தாலி 2021இல் போட்ட சட்டத்தில் தடுப்பு, மாற்றியமைத்த உடற்செயல்பாட்டு நிபுணர் என்று தனித் தொழிலாகவே வரையறுத்து, அதற்கு முதுநிலைப் பட்டத்தைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியாவில் அங்கீகாரம் பெற்ற உடற்பயிற்சி உடலியங்கியலாளரிடம் குடும்ப மருத்துவர் அனுப்பினால், அரசு காப்பீட்டில் வருடத்துக்கு 5 அமர்வுகள் வரை சலுகை உண்டு. மற்ற துணைமருத்துவச் சேவைகளும் அந்த 5க்குள்தான்.

மருத்துவமனைகளின் இதய மறுவாழ்வுப் பிரிவு, புற்றுநோய் மையங்கள், முதியோர் இல்லங்கள், சிறப்புப் பள்ளிகள், பாரா விளையாட்டு அமைப்புகள், நிறுவனங்களின் ஊழியர் நலப் பிரிவு என்று இடங்கள் பரவலாக இருக்கின்றன. முதியோர் பகுதிதான் வேகமாக வளரும் என்பது என் கணிப்பு. சமநிலைப் பயிற்சியோடு கூடிய திட்டங்கள் முதியோர் கீழே விழுவதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது.

ஒரு நாட்டில் வாங்கிய பட்டம் இன்னொரு நாட்டில் செல்லுமா?

தானாகச் செல்லாது. எங்கே வேலை செய்யப் போகிறீர்களோ அங்குள்ள பதிவு அமைப்பின் நிபந்தனையை முதலில் படித்துவிட்டு, பிறகு படிப்பைத் தேர்ந்தெடுங்கள். களப்பயிற்சி மணிநேரத்தைக் கையெழுத்தோடு ஆவணமாக வைத்திருங்கள்; பின்னால் கேட்பார்கள், அப்போது தேடினால் கிடைக்காது.

ஜிம் டிரெயினர் சான்றிதழ் போதாதா?

ஆரோக்கியமானவர்களுக்குப் போதும். பைபாஸ் முடிந்து ஆறு வாரம் ஆனவர் வந்து நின்றால் போதாது.

நல்ல படிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டடத்தையும் கருவிகளையும் பார்த்து மயங்க வேண்டாம். களப்பயிற்சி எத்தனை மணி நேரம், எங்கே, யாருடைய மேற்பார்வையில் என்று கேளுங்கள். அதில் எத்தனை மணி நேரம் பார்வையாளராக, எத்தனை மணி நேரம் உங்கள் கையால் என்று பிரித்துக் கேளுங்கள். பல இடங்களில் பதில் இங்கேதான் குழறும். ஒரே மாதிரி ஆட்களிடமே இரண்டு வருடமும் ஓடிவிடுமா, இதய நோயாளிகள், முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் எல்லோரையும் பார்க்க முடியுமா? பாடம் எடுப்பவர்களில் இன்றும் நேரடியாகப் பயிற்சி தருபவர்கள் இருக்கிறார்களா? மாற்றுத்திறனாளிகளே ஆசிரியர்களாக வருகிறார்களா, அல்லது செயல்முறை விளக்கத்துக்கு மட்டும் அழைக்கிறார்களா?

முடித்த மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். 'முதல் வேலையில் எதற்குத் திணறினீர்கள்?' என்று கேட்டாலே போதும்.

ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது?

சின்னதாக எடுங்கள். 'முதியோர் நலனில் உடற்பயிற்சியின் பங்கு' என்பது ஆய்வேடு ஆகாது. நீங்கள் களப்பயிற்சி செய்யும் இடத்தில் பாதியில் நிற்பவர்கள் எந்த வாரத்தில் நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கும் அந்த இடத்துக்கும் பயன்படும். மனிதர்களிடம் தகவல் எடுக்கும்முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு ஆகும் காலத்தை மறந்துவிட்டுக் கடைசி செமஸ்டரில் தவிப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு.

சேர்வதற்கு முன்பே நான் செய்யக்கூடியது ஏதாவது?

உயிர்காப்பு முதலுதவிப் பயிற்சி எடுத்துவிடுங்கள், நெஞ்சை அழுத்தும் முறையும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியும் உட்பட. சேர்ந்த பிறகு எப்படியும் கேட்பார்கள். இதய மறுவாழ்வு வகுப்போ சக்கர நாற்காலி விளையாட்டுக் குழுவோ பக்கத்தில் இருந்தால் சில வாரம் தன்னார்வலராகப் போய் நாற்காலி எடுத்துப் போடுவது, பெயர் குறிப்பது என்று ஏதாவது செய்யுங்கள். ஒரே பயிற்சியைப் பத்தாவது முறையாக ஒருவருக்குப் பொறுமையாகச் சொல்லித் தர உங்களால் முடிகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் தெரிந்துகொள்வது நல்லது.